சுவருக்குள் போகும் பணம்

“சதுர அடி 1,600 ரூபாய் மேடம். உங்க கிச்சனை ஒண்ணரை லட்சத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எழுந்த வாரத்திலேயே இப்படியொரு வாக்கியம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஒன்றரை லட்சம் என்ற எண் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அதை நம்பிச் சீட்டு எடுக்கிறார்கள், நகையை வைக்கிறார்கள். வேலை முடிந்து கணக்குப் பார்த்தால் மூன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பெட்டிக்கும் கதவுக்குமான விலை. சமையலறைக்கு என்ன விலை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவே இல்லை.

சென்னையில் மட்டுமல்ல, மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் 1990களில் கட்டிய அடுக்கக வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கடப்பா கல் பலகைகள், மேடைக்கு மேலே இரண்டடிக்கு வெள்ளை டைல்ஸ், ஜிஐ பைப், மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று என்று இரண்டே பிளக் பாயின்ட். அந்தச் சமையலறை அன்றைய குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அதே எட்டுக்குப் பத்து அறைக்குள் ஆர்ஓ, மைக்ரோவேவ், இண்டக்‌ஷன், சிம்னி, சில வீடுகளில் பாத்திரம் கழுவும் மெஷின் வரை வந்து நிற்கின்றன. ஆகவே புதுப்பிப்பது தவிர்க்க முடியாததுதான். தவறு எங்கே நடக்கிறது என்றால், பட்ஜெட்டை ஷோரூமிலிருந்து தொடங்குகிறோம். அங்கே முதலில் கதவின் நிறத்தைக் காட்டுவார்கள், பிறகு உள்ளே இழுக்கும் கூடைகள், பிறகு சிம்னி. பைப்பும் ஒயரும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பணம் ஒதுக்கவேண்டிய வரிசையோ இதற்கு நேர் எதிரானது. பிற்பாடு உடைக்காமல் மாற்றமுடியாத எதற்கும் முதலில் பணம். கழற்றி மாட்டக்கூடிய எதற்கும் கடைசியில்.

உடைத்தால்தான் தெரியும்

சிங்க்குக்குப் பின்னாலிருக்கும் டைல்ஸைக் கொத்தனார் உளி வைத்து நெம்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டைல்ஸ் சில இடங்களில் ‘டொக் டொக்’ என்று காலியாக ஒலிக்கும், தொட்ட மாத்திரத்தில் பெயர்ந்து வரும். பின்னாலுள்ள பூச்சு கறுத்து, ஈரத்தில் மாவாக உதிரும். அதற்குள் ஓடும் ஜிஐ பைப்பின் எல்போவை வெட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே உப்பும் துருவும் அடுக்கடுக்காகப் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். இத்தனை நாள் குழாயில் தண்ணீர் மெல்ல வந்ததற்கும், பக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் உப்பியதற்கும் காரணம் அங்கே இருக்கிறது.

இந்தச் சுவரை அப்படியே மூடிவிட்டு அதன்மேல் புதுப் பெட்டி மாட்டும் வீடுகள் ஏராளம். “பைப் நல்லாத்தான் இருக்கு, இப்ப எதுக்கு?” என்று பத்தாயிரம், பதினைந்தாயிரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் பெட்டியின் முதுகுப்பலகை ஊதுகிறது. அப்போது பைப்பை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைக் கழற்றி, டைல்ஸை உடைத்து, மறுபடி ஒட்டவேண்டும். பழைய டைல்ஸின் அதே ஷேடு கடையில் கிடைக்காது.

எனவே பட்ஜெட்டின் முதல் வரி பிளம்பிங். வெந்நீர், தண்ணீர் இரண்டுக்கும் சிபிவிசி. ஆர்ஓவுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு பாயின்ட், அதன் கழிவுநீர் போக ஒரு வழி. பாத்திரம் கழுவும் மெஷின் இப்போது வாங்குவதாக இல்லை என்றாலும் அதற்கான குழாய் பாயின்ட்டையும் வடிகாலையும் இப்போதே விட்டுவையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த மெஷினுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. இன்று வேண்டாம் என்பவர்கள் நாளை வாங்குவார்கள். பைப் வேலை முடிந்ததும் முனைகளை அடைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் பூச்சு. இதைக் கொத்தனாரும் பிளம்பரும் தாமாகச் செய்யமாட்டார்கள், கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வரி வயரிங். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட்ஸ், மைக்ரோவேவ் கிட்டத்தட்ட 1,300, மின்கெட்டில் 1,500. காலை ஏழு மணிக்கு மூன்றும் ஒருசேர ஓடினால் 4,800 வாட்ஸ், அதாவது 20 ஆம்பியருக்கு மேல். பழைய வீட்டின் ஒற்றை லைன் அதைத் தாங்காது, பிளக் உருகி வாடை வரும். சமையலறைக்கு மெயின் போர்டிலிருந்து தனித்தனி லைன்கள், ஒவ்வொன்றுக்கும் எம்சிபி, ஈரக்கை படும் இடமென்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகிய மூன்றிலும் பேரம் பேசாதீர்கள். மேடைக்கு மேலே பிளக் பாயின்ட் எத்தனை வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு அரைத்துக்கொண்டே எண்ணிப் பாருங்கள். எண்ணியதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டரும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டிய விஷயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் காற்று போக ஜாலி இருந்தே ஆக வேண்டும். அதன் அருகில் தாழ்வாக பிளக் பாயின்ட் கூடாது. பால்கனியில் சிலிண்டரை வைத்து உள்ளே லைன் கொண்டுவர முடிந்தால் அந்தச் செலவு நியாயமான செலவு. ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நான்கு லட்சத்துக்கு ஒரு கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அறை எட்டுக்குப் பத்து, ‘எல்’ வடிவ மேடை. பத்தடிச் சுவர் முழுக்க, எட்டடிச் சுவரில் மூலையின் இரண்டடி போக ஆறடி. ஆக மேடையின் ஓட்டம் 16 அடி. அகலம் இரண்டடி என்றால் கல் 32 சதுர அடி. கீழ்ப் பெட்டிகள் இரண்டரை அடி உயரத்தில் 40 சதுர அடி, மேல் பெட்டிகள் 12 அடி ஓட்டத்துக்கு இரண்டடி உயரத்தில் 24, பரணுக்குக் கதவு 20. மொத்தம் 84 சதுர அடி. ஷோரூம் சொன்ன 1,600ஐப் பெருக்கினால் 1,34,400 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்குள் என்று அவர் சொன்னது இப்படித்தான் வந்தது.

கையில் நான்கு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 சதவீதத்தை, 60,000 ரூபாயை, முதலில் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பழைய வீட்டில் உடைத்த பிறகு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அந்தத் தொகைக்கு வேலை நிச்சயம் வரும். மீதி 3,40,000. இதில் இடிப்பு, ரப்பீஸ் அள்ளுதல், பிளம்பிங், வயரிங், பூச்சு, தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். மேடைக் கல்லும் சிங்க்கும் குழாயும் 45,000. பெட்டிகளும் கதவுகளும் 1,35,000. கீல், சேனல், இழுப்பறை, கூடை 35,000. சிம்னிக்கும் விளக்குக்கும் 25,000. கூட்டிப் பாருங்கள், சரியாக முடிந்துவிட்டது.

இன்னும் முடியவில்லை. கொட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று ஒரு வரி இருக்கும். பெட்டிக்கும் இரும்புச் சாமானுக்கும் சேர்த்த 1,70,000க்கு 18 சதவீதம் என்றால் 30,600 ரூபாய். தனியே வைத்த அறுபதாயிரத்தில் பாதி அந்த ஒரு வரியிலேயே போய்விடும். எந்தக் கொட்டேஷனையும் வாங்கியவுடன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “இது வரியோடவா, வரி இல்லாமலா?” என்பதுதான்.

இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். திருநெல்வேலியின் கூலி அண்ணா நகரின் கூலி கிடையாது. விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் பெட்டி மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான். யாராவது பெட்டியின் விலையை மட்டும் சொன்னால், உங்கள் செலவு அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘சதுர அடி’ என்ற சொல்லுக்குள்ளும் வேறுபாடுகள் ஒளிந்திருக்கின்றன. சிலர் முன்பக்கக் கதவுப் பரப்பை மட்டும் அளப்பார்கள், சிலர் ஓட்ட அடிக்கு விலை சொல்வார்கள், சிலர் பக்கப் பலகையையும் சேர்ப்பார்கள். இரண்டு கொட்டேஷனை ஒப்பிட வேண்டுமென்றால் இருவரையும் மொத்த அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டிப் பலகை எத்தனை மி.மீ., முதுகுப்பலகை எத்தனை, கதவின் உள்பக்கம் என்ன, கீல் எந்த பிராண்ட் என்பதையும் எழுதி வாங்குங்கள். கல்லுக்கும் இதே எச்சரிக்கை தேவை. சிங்க்குக்காக வெட்டி எடுக்கும் பகுதியை யாரும் விலையில் கழிப்பதில்லை. வெட்டுக்கூலி தனி, விளிம்பு மோல்டிங் ஓட்ட அடிக்குத் தனி.

எந்தப் பலகை, எந்தக் கல்

நம் சமையலறை ஈரமானது. மாவு அரைக்கிறோம், அரிசி களைகிறோம், மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், தாளிக்கிறோம். விளம்பரப் படத்தில் வரும் சமையலறையில் இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுத்தால் பணம் வீணாகும்.

பிளைவுட்டில் பலகையின் மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 710 என்றால் மரைன் தரம், நீரைத் தாங்கும். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுக்கானது. முழுச் சமையலறைக்கும் 710 போட முடியாவிட்டால், சிங்க் பெட்டிக்கும் அதன் இருபுறமும் மட்டுமாவது போடுங்கள். மேல் பெட்டிகளுக்கும் பரணுக்கும் 303 போதும். விலை குறைவு என்று துகள்பலகையைக் கீழ்ப் பெட்டிக்குப் போட வேண்டாம், விளிம்பில் ஈரம் ஏறினால் பிஸ்கட் போல ஊறி உதிர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் பிவிசி பெட்டிகள் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. கரையான் அரிக்காது, தண்ணீருக்குப் பயமில்லை, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அடுப்புக்கு ஒட்டிய பகுதியில் சூட்டுக்கு நெளியும். அகலமான பலகையில் பருப்பு டப்பாக்களை அடுக்கினால் நடுவில் தொய்யும். சிங்க்குக்கு அடியில் பிவிசி, மற்ற இடத்தில் பிளைவுட் என்று கலந்து போடுவது என் பார்வையில் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இன்னொரு வழி பேசப்படுவதே இல்லை. பழைய மேடைக்கு அடியில் கடப்பா கல் தடுப்புகள் உறுதியாக இருந்தால் அவற்றை ஏன் உடைக்க வேண்டும்? கல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, முன்னால் ஃபிரேம் கொடுத்துக் கதவு மட்டும் போட்டால் கீழ்ப் பெட்டிகளின் செலவில் பெரும்பகுதி மிச்சம். கரையானும் ஈரமும் அந்தக் கல்லை ஒன்றும் செய்யாது. இழுப்பறை போட முடியாது என்பது குறை. அதனால் அடுப்புக்கு அடியில் ஒரு பகுதியை மட்டும் உடைத்து மூன்று இழுப்பறை வைத்துக்கொள்ளலாம். கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

மேடைக்கு அடர்நிற கிரானைட் போதும். குவார்ட்ஸ் பார்க்க அழகு. ஆனால் அது ரெசின் சேர்த்துச் செய்த கல், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரே வைத்தால் தடம் விழக்கூடும். வெள்ளை மேடையில் மஞ்சள் கறை துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோகும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வெட்டியெடுக்கும் கல் நம் அடுப்பங்கரைக்குத் தோதானது.

பணத்தை எங்கே தாராளமாக விடலாம் என்றால் கீலிலும் சேனலிலும். ஒரு நாளில் பத்து இருபது தடவை திறந்து மூடும் பாகம் அது. கதவுக்கு அக்ரிலிக் வேண்டாம், ஒரு மி.மீ. லேமினேட் போதும் என்று முடிவெடுத்தால் மிச்சமாகும் தொகையில் எல்லாக் கீலையும் நல்லதாகப் போட்டுவிடலாம். கதவு பழசானால் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூலையில் சுழன்று வெளிவரும் கூடைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை அதிகம், பாரம் ஏறினால் மக்கர் செய்யும். அந்த மூலையில் வருடத்துக்கு இருமுறை எடுக்கும் பெரிய பாத்திரங்கள் இருக்கட்டும்.

சமைப்பவரின் முழங்கை

கட்டணமே இல்லாத ஒரு முடிவு மேடையின் உயரம். அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. ஷோரூமின் வழக்கமான அளவு வந்து அமர்ந்துவிடுகிறது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதிலிருந்து நான்கிலிருந்து ஆறு அங்குலம் கழிக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு 32, 33 அங்குலத்தில் மேடை பொருந்தும். ஐந்தரை அடி உள்ளவருக்கு 36 வரை போகலாம். மேடையில் தனியாக வைக்கும் அடுப்பு பாத்திரத்தை இன்னும் சில அங்குலம் உயர்த்திவிடும். மேடைக்குள் பதித்த ஹாப் அவ்வளவு உயர்த்தாது. எது வரப்போகிறது என்று தெரியாமல் உயரத்தை முடிவு செய்தால் தோள்பட்டை வலி நிச்சயம். டேபிள் டாப் கிரைண்டருக்கு மேடையின் ஓரத்தில் அரை அடி தாழ்வாக ஒரு தளம் இறக்குங்கள். மாவு வழிக்கும்போது கை தூக்க வேண்டியிருக்காது.

இன்று ஆடம்பரமாகக் காட்டப்படும் இந்தச் சமையலறை வகையின் தொடக்கமே சிக்கனத்தில்தான். 1926இல் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1.9க்கு 3.4 மீட்டரில், அதாவது ஏறத்தாழ ஆறடிக்குப் பதினோரடியில், ஒரு சமையலறையை வடிவமைத்தார். வேலை செய்யும் பெண் எத்தனை அடி நடக்கிறார், எதற்குக் குனிகிறார் என்று கணக்கெடுத்து, தேவையில்லாத நடையைக் குறைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. அங்கே முதல் கேள்வி பெண்ணின் உடல் களைப்பு. நம் வீடுகளில் கொட்டேஷனைப் பேசுவது ஒருவர், நிறத்தைத் தேர்வது இன்னொருவர், நாற்பது வருடமாக அங்கே நிற்கும் அம்மாவிடம் கடைசியில் சாவியைக் கொடுக்கிறார்கள். இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அளவெடுக்க ஆள் வரும் நாளில் அவர் முன்னால் நிற்கவேண்டியவர் அந்த அம்மா.

எப்போது, எந்தப் பணத்தில்

சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இடிக்காதீர்கள். மழையில் பூச்சு காயாது, காயாத சுவரில் பெட்டி மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்தால் கூலி ஏறும், வேலை கெடும். ஆடியில் வேலை தொடங்கத் தயங்குபவர்கள் அந்த மாதத் தள்ளுபடியில் சிம்னியையும் அடுப்பையும் வாங்கிவைக்கலாம். மாடல் எண் கையில் இருந்தால்தான் ஆசாரி சரியான அளவில் வெட்ட முடியும் என்பதால் அதுவே நல்ல வரிசையும்கூட.

சமையலறை இல்லாத மூன்று நான்கு வாரத்துக்கும் பணம் வேண்டும். ஹாலின் ஓரத்தில் இண்டக்‌ஷனும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக் காலைச் சிற்றுண்டியை ஒப்பேற்றலாம், மதியம் மெஸ் சாப்பாடுதான். நான்கு பேர் குடும்பத்துக்கு இந்தச் செலவை எழுதிப் பாருங்கள், ஒரு நல்ல சிங்க்கின் விலை வரும்.

கடன் வாங்குவதாக இருந்தால், ஏற்கெனவே வீட்டுக்கடன் உள்ள வங்கியில் வீட்டுப் பராமரிப்புக் கடனைக் கேளுங்கள். தனிநபர் கடனைவிட வட்டி பெரும்பாலும் குறைவாக இருக்கும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். பில் இல்லாமல் வேலை செய்தால் வரி மிச்சம் என்று சொல்பவரிடம் கவனம் தேவை. அந்தப் பில் இல்லாமல் நாளை புகார் கொடுக்க வழியிருக்காது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். அட்வான்ஸ் 10 சதவீதம், அளவும் வரைபடமும் கையெழுத்தான பிறகு பாதி, பொருள் வீட்டுக்கு வந்து பலகையின் எண்ணைச் சரிபார்த்த பிறகு 30. மீதி பத்து சதவீதத்தை வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் டெலிவரிக்கு முன்பே முழுத் தொகையைக் கேட்கின்றன. அங்கேயும் ஐந்து சதவீதத்துக்காவது வாதாடிப் பாருங்கள்.

அந்த இரண்டு வாரத்தில் சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இழுப்பறையிலும் அன்றாடம் வைக்கும் பாரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். மிளகாய் தாளித்து, சிம்னி புகையை வெளியே தள்ளுகிறதா என்று ஹாலில் நின்று முகர்ந்து பாருங்கள். பூச்சுக்கு முன்பே, பைப்பும் ஒயரும் ஓடும் சுவர்களை அளவு டேப் பிடித்துப் போட்டோ எடுத்து, பெட்டி மாட்ட வரும் ஆளிடம் டிரில் மெஷினை எடுக்கும் முன்பே காட்டுங்கள்; அதன் பிரதி ஒன்றைப் பில்களோடும் வாரன்டி அட்டைகளோடும் சேர்த்து வையுங்கள்.